அம்மாயியின் பிஸ்கட் டின்

அட்டன் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு தள்ளுவண்டியில் 2 டெராபைட் பென் டிரைவ் 1,500 ரூபாய் என்றதும் விற்றவர்மேல் எனக்கு இரக்கமே வந்துவிட்டது. பாவம், விலை தெரியாத மனிதர். பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்தேன்.

அக்காவின் கல்யாண வீடியோக்கள் 110 ஜிகாபைட். இரவோடிரவாக அத்தனையையும் அதில் ஏற்றினேன். ஏற்றிய கையோடு மடிக்கணினியில் இருந்ததை அழித்தேன். மூலத்தை அழித்த பிறகு மிஞ்சுவதற்குப் பெயர் படி அல்ல என்பது அன்று உறைக்கவில்லை.

ஆடிக்கு அக்காவும் அத்தானும் வந்தார்கள். "தாலி கட்டியதைப் போடு" என்றாள். பந்தற்கால் நட்டது ஓடியது. வாழைக்காய் நறுக்கியது ஓடியது, அதுவும் இருபது நிமிடம். சித்தப்பா சாம்பாருக்கு உப்புப் பார்த்தது பளிச்சென்று இருந்தது. தாலி கட்டிய கோப்புக்குப் பெயர் இருந்தது, அளவு இருந்தது, திறக்கத்தான் மறுத்தது. "அப்படியானால் எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையா?" என்று அத்தான் கேட்டார். அதில் இருந்த ஆவல் அக்காவின் காதில் விழுந்துவிட்டது.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்று வாயில் நுழையாத பெயரில் ஓர் இலவச மென்பொருள் உண்டு. டிரைவை விளிம்புவரை எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். அதன் தீர்ப்பு: உள்ளே இருப்பது 64 ஜிகாபைட்தான். கணினியிடம் 2,000 என்று பொய் சொல்லும்படி சில்லை மாற்றியிருக்கிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு, பெயரை மட்டும் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறது. ஆத்திரத்தில் உடைத்துப் பார்த்தேன். விரல் நகமளவு மெமரி கார்ட் ஒன்று, அதைப் பிடித்துவைக்க ஒரு சொட்டுப் பசை.

அம்மாயி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1948-இல் இலங்கை அரசு சட்டம் போட்டு மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்ததால், ஒரு காகிதத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த தலைமுறை அவருடையது. அவருடைய சான்றிதழ் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. ஒரு பிரதி முருகன் படத்துக்குப் பின்னால். இன்னொன்று கொட்டகலையில் மாமா வீட்டில். கணினிக்காரர்கள் இதைத்தான் 3-2-1 என்கிறார்கள்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறோர் இடத்தில்.

"கல்யாணத்தன்றே உன் மாமாவிடம் ஒரு படி எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன்" என்றார், வெற்றிலையை மடித்தபடி.

மறுநாள் மாமா தன் ஹார்ட் டிஸ்கோடு வந்தார். நானும் டவுனில் ரசீது, உத்தரவாதம் எல்லாம் கேட்டு 1 டெராபைட்டில் ஒன்று வாங்கினேன். கணினி 931 ஜிகாபைட் என்று காட்டியதும் மறுபடியும் நெஞ்சு பதறியது. தயாரிப்பவர்கள் ஆயிரமாயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் ஓர் இரவு முழுவதும் சோதித்த பிறகே நம்பினேன்.

காலையில் அது மேசையில் இல்லை. மஞ்சள் துணியில் சுற்றி, அட்டன் ஈரத்துக்குப் பயந்து சப்பாத்துப் பெட்டியில் கிடந்த சிலிக்கா பொட்டலத்தையும் சேர்த்து, டின்னுக்குள் வைத்து மூடியாகிவிட்டது.

"முருகன் படத்துக்குப் பின்னால் வைக்க மெலிதாக இன்னொன்று வாங்கி வா" என்றார் அம்மாயி. "ரசீதோடு."