மூச்சு திணறியது நுரையீரலில், கோளாறு இருந்தது வால்வில்

நான் இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் என் மூச்சுக்குழாயில் ஒரு குறையும் இல்லை. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவுபோல் இருக்கும் மைட்ரல் வால்வுதான் சுருங்கிக் கிடந்தது. அதை விரிக்க நெஞ்சைத் திறக்கவில்லை, தொடை வழியாகப் பலூனை அனுப்பிச் சரிசெய்தார்கள். அதே சிகிச்சைக்குப் போகப்போகிறவர்களுக்கும், ஆஸ்துமா மருந்து எடுத்தும் மூச்சிரைப்பு அடங்காதவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எடை போடும் இடத்துக்கும் ஆபீஸுக்குமாக மேடேறி இறங்கியாக வேண்டும். முதலில் மேட்டில் மட்டும்தான் மூச்சு வாங்கியது. அப்புறம் படுத்தாலே இருமல். ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று என்று அடுக்கினேன். நடுராத்திரியில் மூச்சு முட்டி விழித்து, எழுந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். மலைக்குளிர், மூடுபனி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி பஃப் கொடுத்தார்கள். அதனால் ஒரு பலனும் இல்லை.

கடைசியில் சேலத்தில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் போனேன். குழாயில் பலமாக ஊதச் சொல்லிப் பார்த்தார். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்குவதால் முதல் நொடியில் வெளியேறும் காற்றின் பங்கு குறைந்துவிடுமாம். எனக்கு அது குறையவில்லை. "படுத்தா அதிகமாகி, உட்கார்ந்தா குறையுதாம்மா?" என்று கேட்டார். பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பை மார்புக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அடுத்த கேள்வி: "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது முழங்கால் வீங்கி வலிக்கும், அது சரியானால் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. அதற்கும் என் மூச்சுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பின் பாதுகாப்புப் படை, சிலருக்கு மூட்டுகளையும் இதய வால்வுகளையும் சேர்த்தே தாக்கிவிடுகிறது. இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். மூட்டு தழும்பில்லாமல் ஆறிவிடும். வால்வு அப்படி ஆறுவதில்லை. அதன் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டி, பல வருடம் கழித்து வேலையைக் காட்டும். ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ சோதனையில் என் வால்வின் திறப்பு 0.9 சதுர சென்டிமீட்டர். சாதாரணமாக 4 முதல் 6 வரை இருக்க வேண்டும்.

வால்வு சுருங்கினால் நுரையீரல் ஏன் திணற வேண்டும் என்பதை இதய மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். வலப்பக்க இதயம் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு, ரத்தம் இடது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து மைட்ரல் வால்வைத் தாண்டி இடது கீழறைக்குப் போய், உடம்பு முழுக்கப் பாய்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். நம் மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்தால் வண்டிகள் அடிவாரம்வரை தேங்கி நிற்குமே, அதே கதைதான். வால்வில் அடைபட்ட ரத்தம் மேலறையில் தேங்கி, பின்னுக்கு நுரையீரல் வரை அழுத்தத்தை ஏற்றுகிறது. அது 25 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டும்போது தந்துகிகளிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கிறது. படுத்தால் காலில் இருந்த ரத்தமும் நெஞ்சுக்குத் திரும்புவதால் கசிவு கூடுகிறது. என் தலையணைக் கணக்குக்குக் காரணம் அதுதான்.

நீர் பிரிய ஒரு மாத்திரையும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலாலும் கொடுத்தார். இதயத்தை மெதுவாக்கினால் எப்படி மூச்சு சீராகும் என்று கேட்டேன். இரண்டு துடிப்புகளுக்கு நடுவேதான் மேலறை காலியாக முடியும். துடிப்பு வேகமானால் அந்த இடைவெளி குறையும், ரத்தம் தேங்கும். மேடேறும்போது நடந்தது அதுதான். மாத்திரை ஆரம்பித்த பிறகு படுத்துத் தூங்க முடிந்தது. ஆனால் வால்வை மாத்திரை திறக்காது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய் எடுத்தோம். எக்கோ அறிக்கையை மருத்துவமனையே அனுப்பி ஒப்புதல் வாங்கியது. கேட்கும் தாளையெல்லாம் இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் பலூன் போட முடியாது. மேலறையில் ரத்தக்கட்டி இருக்கக் கூடாது, வால்வு அதிகம் கசியக் கூடாது, சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கக் கூடாது. கட்டி இருக்கிறதா என்று பார்க்க, உணவுக்குழாய் வழியாக ஒரு குழாயை விட்டு எக்கோ எடுத்தார்கள். உண்மையில் எனக்குக் கஷ்டமாக இருந்தது இது ஒன்றுதான். தொண்டையில் மரப்பு மருந்து அடித்தார்கள். குமட்டும்போது மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் அடங்குகிறது.

பலூன் போடும்போது முழு நினைவோடு இருந்தேன். வலது தொடை இடுக்கில் மரப்பு ஊசி போட்டு, அங்குள்ள பெரிய சிரை வழியாகக் கம்பியை வலது மேலறைக்கு ஏற்றினார்கள். இரு மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஊசியால் துளையிட்டு இடப்பக்கம் போனார்கள். வலி இல்லை, படபடப்புதான். ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே உருவாக்கிய பலூன் அது. திரையில் பார்த்தேன். முதலில் அதன் முன்பாதி உப்பி வால்வுக்கு அந்தப் பக்கம் நின்றது, பிறகு பின்பாதி. நடுவில் இடுப்புபோல் ஒடுங்கியிருந்தது. ஒரு நொடியில் அந்த ஒடுக்கமும் விரிந்தது, உடனே காற்றுப்போனதுபோல் சுருக்கிவிட்டார்கள். ஒட்டியிருந்த இதழ்கள் பிரிந்துவிட்டன. மேலறை அழுத்தம் 26-லிருந்து 11-க்கு இறங்கியது, திறப்பு 1.8 ஆனது. அந்த எண்களை மருத்துவர் சத்தமாகச் சொன்னபோது அழுதுவிட்டேன்.

"அக்கா, காலை மட்டும் மடக்கிடாதீங்க" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றிரவு ஒரே தலையணையில் தூங்கினேன்.

வால்வு மறுபடி சுருங்கக்கூடும் என்பதால் வருடாவருடம் எக்கோ உண்டு. காய்ச்சல் திரும்ப வந்து வால்வை இன்னும் கெடுக்காமல் இருக்க, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி. இடுப்பில் போடுவார்கள், நன்றாகவே வலிக்கும். அலர்ஜி வருகிறதா என்று பார்க்கக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்காரவைப்பார்கள். எஸ்டேட்டில் யார் பிள்ளைக்காவது தொண்டை வலியோடு காய்ச்சல் என்று காதில் விழுந்தால், கஷாயத்தோடு விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன்.