அப்பாவின் வயிறு: ஒரு மாதக் குறிப்புகள்

மார்ச் 4
அப்பாவுக்கு மூன்று நாளாகப் பேதி. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகப் போகிறது. வேட்டியில் பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் அவரே துவைத்துக் கொடியில் போட்டிருந்தார், 74 வயதில். அதைப் பார்த்ததும் மனசு தாங்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டு, பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை வாங்கி இரண்டு வேளை கொடுத்தேன்.

மார்ச் 6
வயிறு உப்பிவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனேன். கடைசியாகக் கட்டியாக எப்போது போனீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். அப்பா யோசித்து, "பத்து நாள் இருக்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் கையுறை போட்டு விரல் விட்டுப் பார்த்தார். கீழே மலம் இறுகி அடைத்து நிற்கிறது, அதன் ஓரமாகக் கசிந்து வருவதுதான் அந்தத் தண்ணீர். பேதியே இல்லை, மலச்சிக்கல்! நான் கொடுத்த மாத்திரை குடலை இன்னும் மந்தமாக்கியிருக்கும். இரண்டு முறை எனிமா கொடுத்தார்கள். அப்பா என் கையை விடவேயில்லை.

மார்ச் 7
காரணம் மாத்திரைப் பையிலேயே இருந்தது. முதுகுவலிக்கு ஜனவரியிலிருந்து டிரமடால் சாப்பிடுகிறார். அபின் வகை மருந்துகளைப் போலவே அதுவும் குடல் அசைவைக் குறைக்கும். மலம் உள்ளேயே நெடுநேரம் தங்கி நீர் வற்றி இறுகிவிடும். கூடவே கால்சியம் மாத்திரை. இரவில் எழுந்து சிறுநீர் கழிக்கப் போகவேண்டுமே என்று மாலைக்கு மேல் அப்பா தண்ணீரும் குடிப்பதில்லை. டிரமடாலை டாக்டர் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார், நாமாக நிறுத்தக்கூடாதாம். இரவில் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் 15 மில்லி. ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா என்றும் கேட்டார். இரண்டும் இல்லை. இருந்திருந்தால் உடனே குடலைச் சோதித்தாக வேண்டும் என்றார்.

மார்ச் 11
ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். "சரியாகப் போச்சா?" என்று கேட்டால் அப்பா கூச்சத்தில் "ஆச்சு, ஆச்சு" என்று முடித்துவிடுவார். பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று, இங்கிலாந்தில் உருவாகி 1997இல் வெளியானது, மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது. ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாக இருந்தால் 1, வழவழப்பாக நீளமாக வந்தால் 4, வெறும் தண்ணீர் 7. எண்ணைச் சொல்ல அப்பாவுக்குக் கூச்சமில்லை. இன்றைக்கு 2.

மார்ச் 16
மூட்டுவலிக்காகப் போன வருடம் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். அவர் உயரத்துக்குக் கால் சரியாக ஊன்றவில்லை. குந்தி உட்கார்ந்தால் மலக்குடலின் வளைவு நேராகி எளிதாக வெளியேறும். நாற்காலியில் உட்காருவது போல் உட்கார்ந்தால் அவ்வளவு நேராகாது. அம்மாவின் பழைய மணையைக் காலுக்கடியில் போட்டேன். காலை இட்லி, காபி முடிந்து அரைமணிக்குள் போய் உட்காரச் சொல்கிறேன். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையும் நேரம் அது. முக்கக் கூடாது, பத்து நிமிஷம் போதும். இந்த நேரமும் மணையும்தான் எல்லாவற்றையும்விட உதவியது என்று எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 23
அத்தை வந்தார். "விளக்கெண்ணெய் ஒரு கரண்டி கொடு, கொட்டிரும்" என்றார். வேண்டாம் அத்தை என்று தடுத்தேன். அடைத்து நிற்கும்போது குடலைப் பிடித்து முறுக்கும். இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூளும் இப்போதைக்கு இல்லை. தண்ணீர் நிறையக் குடிக்காதவர்களுக்கு அதுவே உள்ளே இறுகிவிடும். பப்பாளி, முருங்கைக்கீரை பரவாயில்லை. தண்ணீரைப் பகலிலேயே குடித்துவிடச் சொம்பில் அளந்து வைக்கிறேன். தினமும் போகாவிட்டால் நோய் என்று அத்தை நம்புகிறார். நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான். அவரவர் வழக்கத்திலிருந்து மாறினால்தான் கவனிக்கவேண்டும்.

ஏப்ரல் 3
இரண்டு நாளாக 6. டாக்டரிடம் போனில் கேட்டு சிரப்பை 10 மில்லியாகக் குறைத்தேன். டிரமடால் நின்று ஐந்து நாளாகிறது. வலிக்குப் பாராசிட்டமால் போதுகிறது. இன்று நோட்டை எடுத்தபோது, எனக்கு முன்பே அப்பா பென்சிலில் எழுதி வைத்திருந்தார்: "7.40. நாலு."