மறுகாலூரின் வரைபடம்

கற்பனை நகரம் ஒன்றை வரைய விரும்புகிறவர்கள் மதிலையும் அரண்மனையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். தென்காசிக்குப் பக்கத்திலுள்ள செங்கோட்டையில் வளர்ந்தவனுக்கு இது இயல்பாகவே தோன்றும். மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்றும் சாரலும் வருகின்றன. 1904 முதல் கொல்லத்து ரயிலும் அவ்வழியேதான் வருகிறது. கிழக்கே சரிவு தணியத் தணிய, ஒரு குளம் பெருகி அடுத்த குளத்தை நிரப்புகிறது. 1956இல் தமிழகத்தோடு இணையும்வரை மலைக்கு அப்பாலிருந்து ஆளப்பட்ட ஊர் இது. இங்கே சாலை, சந்தை, சுங்கம் எல்லாமே நிலம் சொன்னபடி அமைந்தவை.

நான் இப்போது வரைந்துவரும் மறுகாலூரும் ஒரு கணவாயின் கிழக்கே அமைந்த வணிக நகரம்தான். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த நில உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் எங்கள் மலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளை 10 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரவழைத்து, வடக்கைத் தெற்காகப் புரட்டிப் போட்டுவிட்டால், உள்ளூர்க்காரருக்கும் அடையாளம் தெரியாத, ஆனால் இயற்கை பிசகாத ஒரு நிலம் கிடைத்துவிடும். அத்தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர் என்பதால் குளக்கரையோ தெருவோ அதில் தெளிவாகப் புலப்படாது. அவற்றை நாம்தான் வரைய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை குளம் அமைப்பது. ஒரு சமஉயரக் கோட்டை நீர்மட்டமாகக் கொண்டு, அதன் தாழ்ந்த பக்கத்தைக் கரையால் அடைத்தால் குளத்தின் வடிவம் தானாகவே வந்துவிடும். கரையின் அடியில் மடை, அதன் கீழே வயல், கரை மேட்டைத் தொடும் கோடியில் மிகுநீர் வழிந்தோடும் மறுகால் என்று ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். மடைக்குக் கீழே வீடு வைக்க முடியாது. ஆகவே தெருக்கள் மேட்டுப் பக்கம் ஒதுங்குகின்றன, வண்டிப்பாதை கரையின் மேலே ஏறிக்கொள்கிறது. விவசாயம் செய்யும் என் பெரியப்பா திரையில் இதைப் பார்த்தபோது மதிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கடைமடை வயலுக்குத் தண்ணி எட்டுமாடே?" என்றுதான் கேட்டார். வாய்க்காலை அந்த வயல்வரை விரலால் தொடர்ந்து பார்த்த பிறகே எழுந்தார்.

சாலைக்கும் கணக்கு உண்டு. பாரவண்டி ஏறும் சாலை 20 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று வைத்திருக்கிறேன். எனவே அடுத்தடுத்த இரு சமஉயரக் கோடுகளுக்கிடையே அது 200 மீட்டராவது ஓட வேண்டும், சரிவு கடுமையான இடத்தில் வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். நடுக்கோட்டை மட்டும் வரைந்துவிட்டு, இருபுறமும் 3 மீட்டர் அகலம் சேர்க்கும்படி மென்பொருளிடம் சொன்னால் தெரு முழுமையாகிவிடும்.

ஒரு சொடுக்கில் மதிலும் கோட்டையும் சந்தையுமாக முழு ஊரையே வரைந்து தரும் செயலிகளும் இருக்கின்றன. கதைக்கு அவசரமாக ஒரு படம் தேவைப்படுகிறவர்களுக்கு அவை பேருதவிதான். ஆனால் ஒரு தெரு ஏன் அங்கே வளைகிறது என்று கேட்டால் அப்படத்தில் பதில் இராது. எனக்கோ அந்தப் பதில்தான் நகரம். பெயர்களும் நிறங்களும் எளிய வேலை. அவற்றைக் கடைசியில் இங்க்ஸ்கேப் என்ற ஓவிய மென்பொருளில் தனித்தனி அடுக்குகளாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

நேற்று சுங்கச்சாவடிக்கு இடம் பார்த்தேன். சந்தை வாசலில் வைத்தால் அழகாக இருக்கும் என்றாலும், கரைப்பாதை பிரியும் முக்குக்கு மேலேயே அதை வைத்திருக்கிறேன். கீழே வைத்தால் மிளகு வண்டிகள் வரி கட்டாமல் குளத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.