இன்று 412 கிராம்

காபி போடுவதற்கு முன்னால் சமையலறைத் தராசை எடுத்து வைத்துவிடுவேன். அதன் மேல் ஒரு கட்டை பொருத்தியிருக்கிறோம், எங்கள் கிளி மணி தானாகவே ஏறி நிற்பான், ஒரு வேர்க்கடலை லஞ்சம். இன்று 412. நேற்று 415. சரி, பயமில்லை. பறவைகள் நோயைக் கடைசி வரை மறைக்கும், இறகு மூடியிருப்பதால் மெலிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

மணி ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. (நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.) வெளிநாடு போன ஒரு குடும்பம் கொடுத்தபோது வயது 12, நெஞ்சில் பாதி இறகு இல்லை, அவனே பிடுங்கிக்கொண்டது. வருஷக்கணக்கில் சூரியகாந்தி விதை மட்டுமே தின்றவன். அதில் கொழுப்புதான் நிறைய, கால்சியம் சொற்பம். வந்த மூன்றாம் வாரம் கட்டையிலிருந்து தொப்பென்று விழுந்து வலிப்பு. முதலில் பார்த்த டாக்டர் வைட்டமின் சொட்டு கொடுத்து அனுப்பிவிட்டார், இரண்டாமவர்தான் ரத்தம் எடுத்துப் பார்த்துக் கால்சியம் குறைவு என்றார். இந்த இனத்துக்கு அது தெரிந்த கோளாறாம்.

இப்போது தினமும் மருந்து, பால்கனி வெயில் (ஜன்னல் கண்ணாடி வழியாக வருவது உதவாது), முருங்கைக்கீரை. கீரையை இரண்டு மாதம் என் மேலேயே விசிறியடித்தான், அம்மா எதிரில் உட்கார்ந்து மென்று காட்டிய பிறகுதான் தொட்டான். டெஃப்லான் தவாவையும் தூக்கிப் போட்டாயிற்று, அது அதிகம் காய்ந்தால் வரும் புகை கிளியைக் கொன்றுவிடும்.

நெஞ்சில் இறகு இன்னும் முளைக்கவில்லை. அம்மாவின் இருமலை மட்டும் அச்சு அசலாகப் பிடித்துவிட்டான், ராத்திரி யார் இருமியது என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.