கொலாபாவில் மூன்று பிள்ளைகள்

என் தம்பிக்குப் பெருமூளை வாதம்; மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை. தாராவியிலிருந்து அம்மா அவனை இடுப்பில் சுமந்துகொண்டு ஏறி இறங்காத பள்ளி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: 'இங்கே முடியாதும்மா.'

அதே பம்பாயில் 1972-லேயே, கொலாபாவில், மூன்றே பிள்ளைகளோடு ஒரு பள்ளி தொடங்கியிருந்தது. பெருமூளை வாதத்தோடு பிறந்த தன் மகளுக்குப் படிக்க இடமில்லை என்றுதான் மிது ஆலூர் 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா'வைத் தொடங்கினார். படிப்பு, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். கனக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று ஆஸ்பத்திரிக்கு பஸ் மாறி அலைந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கல்கத்தாவில் 1974, டெல்லியில் 1978, அப்புறம் பெங்களூரு, சென்னை என்று அந்த வேலை பரவியது. பிறகு எங்கள் தாராவிக்கே வந்தார்கள். பால்வாடியில் மற்றப் பிள்ளைகளோடு இந்தப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். இப்போது அந்த அமைப்பின் பெயர் அடாப்ட்.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியவந்தபோது தம்பிக்கு 14 வயது. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை. எங்கள் சந்தில் ஒரு குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை என்று கேள்விப்பட்டால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "நாள் கடத்தாத தாயி. வா, நானும் கூட வர்றேன்."