கிழட்டு சீசரும் நடுவில் ஒரு இரும்பு கேட்டும்

"வயசான நாய்னா சிடுசிடுன்னுதாம்மா இருக்கும்" என்று எந்த கிளினிக்கிலாவது சொன்னால், ஃபீஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். எங்களிடம் அப்படிச் சொன்னவர் சீசரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே ஒரு கால்சியம் சிரப்பும் விட்டமின் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். சிரப் பாட்டில் காலியாவதற்குள் என் தம்பி கையில் கடி.

வீட்டு நிலவரம் இதுதான். குரோம்பேட்டையில் அபார்ட்மென்ட், தரைத்தளம். நான், அம்மா, தம்பி. சீசர் லாப்ரடார், 11 வயசு. புஜ்ஜி தெருவிலிருந்து வந்த நாட்டு நாய், பொட்டை, 3 வயசு. பிசாசு, குண்டு என்று இரண்டு பூனைகள். எல்லாம் ஒரே பாயில் புரண்டு தூங்கிய கூட்டம். அதில்தான் சீசர் திடீரென்று புஜ்ஜியின் கழுத்தைப் பிடிக்க ஆரம்பித்தான். ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருக்கிற குறுகலான நடையில் படுத்துக்கொண்டு, தாண்டிப் போகிற எதையும் விடமாட்டான். பிசாசு வழக்கம்போல அவன் பின்னங்காலில் போய் உரசியது. முதுகில் பல் பட்டுவிட்டது. வெளியே பார்த்தால் கடுகளவு ஓட்டை. மேலே தோல் மூடிக்கொண்டு உள்ளே சீழ் கட்டிவிட்டது. பூனைக்கு நாய்ப்பல் பட்டால் காயம் சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

அடுத்து ட்ரெய்னர். இந்த அத்தியாயத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பத்து வகுப்புக்கான பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு வந்தவர், வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "உங்க வீட்ல லீடர் யாருன்னு அதுக்குத் தெரியல மேடம். அதான் அது லீடர் ஆயிடுச்சு." சீசரை மல்லாக்கத் தள்ளி, நெஞ்சில் கை வைத்து அமுக்கிப் பிடித்தார். உறுமினால் கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுக்கச் சொன்னார். நாங்களும் கொஞ்ச நாள் செய்தோம். உறுமல் நின்றது. ட்ரெய்னருக்கு ஒரே பெருமை. நின்றது உறுமல் மட்டும்தான், கடி நிற்கவில்லை. அதுவரை 'கிட்ட வராதே' என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்த நாய், அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் நேராகப் பல்லை வைத்தது.

இந்த லீடர் கதை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். 1940களில், ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்புக்குள் போட்டுப் பார்த்து எழுதியது. அதைப் பெரிதாகப் பரப்பியவர்களில் ஒருவரான அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், 1999லேயே அது தவறு, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மா குட்டிகள் கொண்ட சாதாரணக் குடும்பம் என்று எழுதிவிட்டார். அந்தச் செய்தி நம் ட்ரெய்னர்கள் வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.

உறுமுகிற நாயை அடக்காதீர்கள். உறுமல் உங்களுக்குக் கிடைக்கிற அவகாசம். எழுந்து விலகிப் போங்கள், எதற்காக உறுமியது என்று அப்புறம் யோசிக்கலாம்.

கடி நடந்தது ராத்திரி சாப்பாட்டு நேரத்தில். புஜ்ஜியையும் சீசரையும் பிரிக்கத் தம்பி நடுவில் கையை விட்டான். சண்டை போடுகிற நாய்க்கு அந்த நேரத்தில் கை யாருடையது என்றெல்லாம் தெரியாது. நடுவில் போக வேண்டியது கை இல்லை: சோபா குஷன், பெரிய பிளாஸ்டிக் டப், ஒரு வாளித் தண்ணீர், எது கிடைக்கிறதோ அது. பின்னங்காலைத் தூக்கிப் பின்னால் இழுக்கச் சொல்லி வீடியோக்களில் காட்டுகிறார்கள். இடுப்பு வலி இருக்கிற நாயிடம் அதைச் செய்தால் திரும்பி உங்களைத்தான் கடிக்கும்.

குழாயடியில் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிஷம் கழுவினோம். அம்மா மஞ்சள் டப்பாவோடு வந்து நின்றார். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம், தண்ணீரும் சோப்பும்தான். ஒரு தனியார் கிளினிக்கில் உடனே தையல் போடுகிறேன் என்றார்கள். நாய்க்கடிக் காயத்தைப் பொதுவாக உடனே தைக்க மாட்டார்கள் என்று தம்பிக்கு யாரோ சொல்லியிருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கிருந்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (ரேபிஸுக்கு எதிராக உடனே வேலை செய்கிற எதிர்ப்பொருள் ஊசி), கையில் தடுப்பூசி. 0, 3, 7, 28 என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசியெல்லாம் எப்போதோ ஒழிந்துவிட்டது, அந்தப் பயத்தில் யாரும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்றும் இருந்துவிடாதீர்கள். ஊசியை ஆரம்பித்துவிட்டு, நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள்.

அங்கேதான் காகிதப் பிரச்சினை. "நாய்க்கு ரேபிஸ் ஊசி போட்டிருக்கா? புக்கைக் காட்டுங்க." காட்டினேன். வருஷா வருஷம் தவறாமல் போட்ட ஊசி. ஆனால் கடைசி இரண்டு பக்கத்தில் தேதியும் ஒரு கிறுக்கலும்தான் இருந்தன. மருந்துப் பாட்டிலிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் இல்லை, டாக்டரின் பதிவு எண் உள்ள சீல் இல்லை. ஊசி போட்ட கிளினிக்குக்குப் போய்க் கேட்டால் ரிசப்ஷனில் இருந்த பெண், "டாக்டர் ஊர்ல இல்ல, வந்ததும் ஒட்டித் தர்றோம்" என்றார். எதை ஒட்டுவார்? அந்தப் பாட்டில் போன வருஷமே குப்பைக்குப் போயிருக்கும். கடைசியில் சீல் மட்டும் வாங்க முடிந்தது, அதுவும் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றதால். ஊசி போட்ட மேஜையிலிருந்து நாயை இறக்குவதற்கு முன்பே புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஸ்டிக்கர், சீல், அடுத்த தேதி மூன்றும் இருக்கிறதா? மாநகராட்சி உரிமத்துக்கும் இந்தச் சான்றுதான் வேண்டும்.

கடிக்குப் பிறகு இன்னொரு கிளினிக்கில், நான் உட்காருவதற்குள் "தூங்க வெச்சிடலாமா?" என்றார்கள், அதாவது ஊசி போட்டுக் கொன்றுவிடலாமா என்று. எப்போதும் அது கூடாது என்று சொல்லுகிற ஆள் இல்லை நான். சின்னக் குழந்தை இருக்கிற வீடு, ஆழமான கடி, எல்லா வைத்தியமும் பார்த்தாயிற்று என்றால் அந்த முடிவை எடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் கேட்கிற கேள்வியா அது?

பிறகுதான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குரோம்பேட்டையிலிருந்து நாயோடு அங்கே போவது தனிக்கதை. புக் செய்து, வாசலுக்கு வந்து, சீசரைப் பார்த்ததும் கேன்சல் செய்கிற ஓட்டுநர்கள். "சின்ன நாய்னு நினைச்சேன் மேடம்." தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், பழைய பெட்ஷீட் ஒன்றும் எடுத்துப் போங்கள். காலையிலேயே கிளம்பிவிட வேண்டும், கூட்டம் அப்படி.

அங்கே பார்த்த பெண் டாக்டர் கேட்டதை வேறு யாரும் கேட்கவில்லை. எந்த இடத்தில் கடிக்கிறான்? படுத்திருக்கும்போதா, எழுந்திருக்கும்போதா? சோபாவில் ஏறுகிறானா? காலையில் முதல் பத்து அடி எப்படி நடக்கிறான்? கேட்கக் கேட்க எனக்கே ஒரு படம் விழுந்தது. எல்லாச் சண்டையும் அவன் படுத்திருக்கும்போதோ எழுந்திருக்கும்போதோதான். யாராவது அவன் பின்பக்கத்தைத் தாண்டும்போதுதான். நடக்கச் சொல்லிப் பார்த்தபோது மட்டும் சீசர் ராஜா மாதிரி நடந்தான். புது இடத்துப் பதற்றத்தில் நாய்கள் நொண்டுவதை மறைத்துவிடும் என்றார் டாக்டர். என் போனில் இருந்த வீடியோதான் காப்பாற்றியது. வழுவழு டைல்ஸில் எழுந்திருக்க முடியாமல் பின்னங்கால் இரண்டும் விரிந்து விரிந்து போவது அதில் பதிவாகியிருந்தது. டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் எழுவது, உட்காருவது, படி ஏறுவது மூன்றையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேக்கு ஒரு தனியார் சென்டரில் நேரம் வாங்கினேன். போனில், "காலைல வந்துடுங்க" என்றார்கள், அவ்வளவுதான். போனதும், "சாப்பிட்டிருக்கா? அப்ப இன்னிக்கு முடியாது." இடுப்பு எக்ஸ்ரே மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டி எடுப்பது, வலிக்கிற நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். அதை முந்தின நாளே போனில் சொல்ல என்ன கேடு? அரை நாள் லீவும் ஆட்டோ காசும் போனதுதான் மிச்சம். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே "எத்தனை மணியிலிருந்து சாப்பாடு கொடுக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கலாமா" என்று நீங்களாகவே கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

படத்தில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன, முதுகெலும்பிலும் முள் முளைத்தது போல எலும்பு வளர்ந்திருந்தது. தைராய்டு சரியாக இருந்தது. கண்ணில் கொஞ்சம் மங்கல், ஒரு காதில் பழைய சீழ். அதாவது பின்னால் யார் வருகிறார்கள் என்று அவனுக்குச் சரியாகக் கேட்கவும் இல்லை, இடித்தால் உயிர் போகிற வலி. லீடராம்!

மருந்து பற்றி ஒன்றே ஒன்று. கிட்னி, லிவர் பரிசோதனை பார்த்த பிறகுதான் வலி மாத்திரை ஆரம்பித்தார்கள். வாந்தி வந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ உடனே நிறுத்திவிட்டுக் கூப்பிடச் சொன்னார்கள். நம் வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை போதும், பூனை செத்துப்போகும். பூனை இருக்கிற வீட்டில் மாத்திரை கீழே விழுந்தால் தேடி எடுத்துவிடுங்கள்.

எடையும் குறைக்கச் சொன்னார்கள். சீசர் 41 கிலோ இருந்தான். அம்மாவின் தயிர்சாதத்தையும் மேரி பிஸ்கட்டையும் நிறுத்துவதற்குப் பட்ட பாடு எக்ஸ்ரேக்குப் பட்டதைவிடப் பெரிது. "பாவம்டி, வயசான காலத்துல வாய்க்கு ருசியா..." என்று அம்மா. பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த பூசணித் துண்டு என்று ஒப்பந்தம் ஆனது.

வீட்டில் செய்ததில் மிகப் பெரிய பலன் கொடுத்தவை இரண்டே: டைல்ஸ் மேல் ரப்பர் மேட், நடையில் ஒரு இரும்பு கேட். ஆன்லைனில் வருகிற பேபி கேட்டை சீசர் தலையால் தள்ளிச் சாய்த்துவிட்டான். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தோம். முதலில் வந்ததில் கம்பி இடைவெளி அகலம். புஜ்ஜி தலையை விட்டு மாட்டிக்கொண்டாள். திருப்பி அனுப்பி, இடைவெளியை நெருக்கி, மேலே பூனை மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு சதுரம் வெட்டித் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் விநோதமாகப் பார்த்தார். பிசாசு முதல் நாளே அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு சீசரை மேலிருந்து பார்த்தது.

கடிக்காமல் இருக்க நாயின் வாயில் மாட்டுகிற மசில் வாங்கப் போனால் கடையில் துணி மசிலைக் கையில் திணித்தார்கள், "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்று. ஒன்றில்லை. நாய்க்கு வியர்வை கிடையாது என்றே சொல்லலாம், வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். துணி மசிலில் வாய் திறக்காது. மே மாதச் சென்னையில் அதைப் போட்டு விட்டால் நாய் மயங்கி விழும். கூடை மசில்தான் வேண்டும். உள்ளே கொஞ்சம் தயிர் தடவி, தானாக மூக்கை விடும்வரை விட்டுவிட்டேன்.

சாப்பாடு கேட்டின் இரண்டு பக்கமும், ஆரம்பத்தில் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத தூரத்தில். பிறகு தட்டுகளை மெல்ல மெல்ல நகர்த்தினோம். இது பிரச்சினை இல்லாமல் நடந்தது. தம்பியும் நானும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தெருவின் இரண்டு ஓரமாக விடியற்காலையில் நடந்ததும் உதவியது.

அசோசியேஷன் செயலாளர் மட்டும் நடுவில் ஒரு கடிதம் கொடுத்தார்: நாயை அகற்ற வேண்டும். மாடி வீட்டு மாமா, "ஈ.சி.ஆர். பக்கம் கொண்டு போய் விட்டுடும்மா, மீன்காரங்க சோறு போடுவாங்க" என்று யோசனை வேறு. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். அதையும், அபார்ட்மென்ட் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்கிற விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலையும், மாநகராட்சி உரிமத்தையும், சீல் வாங்கிய அந்தப் புத்தகத்தையும் நகலெடுத்து, பொதுவழியில் மசில் இல்லாமல் சீசரைக் கொண்டுவர மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பதில் வரவில்லை. வராத பதில் நல்ல பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது சீசர் மறுபடி உறுமுகிறான். புஜ்ஜி அந்தச் சத்தம் கேட்டதும் சுற்றிக்கொண்டு போகிறாள். இருவரும் பழையபடி ஒரே பாயில் இல்லை, இருக்கவும் வேண்டாம். நாங்கள் வெளியே போனால் கேட் பூட்டித்தான் இருக்கும். ட்ரெய்னரிடம் மீதி வகுப்புப் பணத்தைக் கேட்டேன். "நாயைக் கொண்டு வாங்க மேடம், கிளாஸை முடிச்சுக் குடுத்துடறேன்" என்றார்.