கொச்சியில் ஒரு சனிக்கிழமை

கோவையிலிருந்து ரயிலேறி, முதுகுப்பையுடன் ஊர் சுற்றும் நாங்கள் ஐவர் நேற்று கொச்சிக்குச் சென்றிருந்தோம். எர்ணாகுளத்திலிருந்து படகில் கோட்டைக் கொச்சியை அடைந்ததும் சீன வலைகளின் அருகிலேயே வெகுநேரம் நின்றுவிட்டோம். நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, அதில் கட்டித் தொங்கும் பாறாங்கற்களின் எடை துணைநிற்க, நீரிலிருந்து அந்தப் பெருவலை மெல்ல எழுந்ததைக் கண்டபோது, அப்பிச்சி தோட்டத்துக் கிணற்றில் இருந்த ஏற்றம் எனக்கு நினைவுக்கு வந்தது. அத்தனை பாட்டுக்கும் வலையில் துள்ளியவை ஒரு கையளவு மீன்களே. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறைக் கல் இருக்கிறது, உடல் இல்லை. 1524இல் இங்கே புதைக்கப்பட்டவரின் எச்சங்களைப் பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டு சென்றுவிட்டனர். 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி யூத ஆலயம் சனிக்கிழமைகளில் திறக்கப்படாது என்பதை விசாரிக்காமல் நாள் குறித்தவன் நானே என்பதை, திருப்பூர் நண்பர் பாலக்காடு தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.